முக்கியமான வணிகத் தரவுகளுக்கு உகந்த கணிமைத் தளத்தைத் தெரிவுசெய்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)



"வணிக நிறுவனம் ஒன்றுக்குக் கணினி முறைமை ஒன்றைத் தெரிவுசெய்யும்போது கவனிக்க வேண்டிய விடயங்கள் யாவை?" எனக் கேட்டால், "வேகம், கொள்ளளவு, விலை" என்று மூன்று சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுபவர்கள் பலர். இம்மூன்றும் பிழையான விடைகள் அல்ல. ஆனால் வீட்டில் படம் பார்ப்பதற்குக் கணினி வாங்குபவரும் இதே மூன்றைத்தான் சொல்வார். வினாவில் "வணிக நிறுவனம்" என்ற சொல் எதற்காக இடப்பட்டிருக்கின்றது என்பதை முதலில் சிந்திக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கிராமிய வங்கியில் நகை அடகுப் பிரிவு இயங்குகின்றது. யார், எந்தத் திகதியில், எத்தனை கிராம் நகையை வைத்தார், எவ்வளவு பணம் பெற்றார், வட்டி எவ்வளவு, நகை எந்த உறையில் உள்ளது என்பனவெல்லாம் கணினியில் பதியப்படுகின்றன. ஒருநாள் காலை கணினி இயங்கவில்லை. தாலிக்கொடியை மீட்பதற்குப் பணத்துடன் ஒரு தாய் வரிசையில் நிற்கின்றார். பெட்டகத்தில் நகை பத்திரமாக இருக்கின்றது. ஆனால் எந்த உறை அவருடையது, அவர் ஏற்கனவே எவ்வளவு செலுத்தியுள்ளார் என்பது எவருக்கும் தெரியாது. பழுதடைந்த கணினியைப் பணம் கொடுத்து மீண்டும் வாங்கலாம். அதிலிருந்த தரவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த அடகுப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடருங்கள்.

கணிமைத் தளம் என்பது யாது?

கணினிப் பெட்டியை மாத்திரம் கணிமைத் தளம் எனக் கருதுதல் தவறாகும். வன்பொருள், அதன்மீது இயங்கும் பணிசெயல் முறைமை, தரவைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருள், இவற்றை இணைக்கும் வலையமைப்பு ஆகிய யாவும் சேர்ந்ததே தளமாகும். இவற்றுள் ஏதேனும் ஒன்று நலிவடைந்தாலும் முழுத் தளமும் நலிவடையும். விலைகூடிய சேவையகம் ஒன்றை வாங்கி அதில் கள்ளப் பிரதியான பணிசெயல் முறைமையை நிறுவுவது, இரும்புக் கதவு போட்டுவிட்டுத் திறப்பை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பானது.

தரவைப் பொறுத்தவரை ஒரு தளத்திடம் மூன்று பண்புகளை எதிர்பார்க்கின்றோம். உரிமையற்றவர் தரவைப் பார்க்க முடியாதிருத்தல் இரகசியத்தன்மை ஆகும். தரவு தவறுதலாகவோ வேண்டுமென்றோ மாற்றப்படாதிருத்தல் பிழையின்மை ஆகும். தேவைப்படும் வேளையில் தரவைப் பெறக்கூடியதாக இருத்தல் கிடைக்குந்தன்மை ஆகும். மாணவர்கள் பெரும்பாலும் முதலாவதை மாத்திரம் எழுதி, "கடவுச்சொல் இட வேண்டும்" என்று முடித்துவிடுகின்றனர். நமது உதாரணத்தில் அந்தத் தாயைத் திருப்பி அனுப்பியது மூன்றாவது பண்பின் குறைபாடு என்பதைக் கவனிக்குக.

கிடைக்குந்தன்மையை வழக்கமாகச் சதவீதத்தில் குறிப்பிடுவர். "எமது முறைமை 99% கிடைக்கும்" என விற்பனையாளர் கூறினால் அது சிறந்ததாகவே தோன்றும். கணித்துப் பாருங்கள். ஓராண்டுக்கு 365 × 24 = 8760 மணித்தியாலங்கள். அதில் 1% என்பது 87.6 மணித்தியாலம், அதாவது மூன்றரை நாட்களுக்கும் மேல். 99.9% எனின் 8.76 மணித்தியாலமும், 99.99% எனின் ஏறத்தாழ 53 நிமிடங்களும் முறைமை இயங்காதிருக்கலாம். ஒவ்வொரு 9 கூடும்போதும் செலவும் கூடும். கூட்டுறவு அடகுப் பிரிவுக்கு 99.99% தேவையா? தேவையில்லை. அரை நாள் தடைப்பட்டால் கையால் பற்றுச்சீட்டு எழுதிச் சமாளிக்கலாம். ஆனால் தரவு அழிந்துபோவதை அரை நாளுக்கேனும் ஏற்க முடியாது. தற்காலிகத் தடை வேறு, நிரந்தர இழப்பு வேறு. விடை எழுதும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விரிதாளா, தரவுத்தளமா?

சிறு நிறுவனங்கள் பல தமது கணக்குகளை விரிதாளிலேயே வைத்திருக்கின்றன. தொடக்கத்தில் அது வசதியானதே. ஆனால் விரிதாளுக்கு எல்லைகள் உண்டு. 2020 இல் இங்கிலாந்தில் கொவிட் தொற்றாளர்களின் விபரங்களை ஒன்றுசேர்த்தபோது, பழைய வகை எக்செல் கோப்பு பயன்படுத்தப்பட்டது. அவ்வகைக் கோப்பில் 65 536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேற்பட்ட தரவு எவ்வித ஓசையுமின்றி விடுபட்டுப்போனது. செப்தெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான காலத்தில் 15 841 தொற்றாளர்களின் விபரம் நாளாந்த அறிக்கைகளில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதித்தது. கணினி பழுதடையவில்லை, எவரும் ஊடுருவவுமில்லை. தெரிவுசெய்த கருவிதான் பொருத்தமற்றது.

தரவுத்தள முகாமைத்துவ முறைமை இவ்விடயத்தில் வேறுபட்டது. அடகு மீட்கும் ஒருவரின் விடயத்தில் இரண்டு பதிவுகள் நிகழ வேண்டும்: பணம் பெறப்பட்டதாக ஒன்று, நகை மீட்கப்பட்டதாக மற்றொன்று. முதற் பதிவு முடிந்து இரண்டாவது முடியுமுன் மின்சாரம் தடைப்பட்டால் என்ன நடக்கும்? விரிதாளில் பாதி எழுதப்பட்ட நிலை எஞ்சலாம், கோப்பே திறக்க முடியாமலும் போகலாம். நல்ல தரவுத்தளம் இரண்டு பதிவுகளையும் ஒரே நடவடிக்கையாகக் கருதி, இரண்டும் முடிந்தால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளும். இல்லாவிடின் இரண்டையும் இரத்துச்செய்து பழைய நிலைக்குத் திரும்பும். "பணம் கட்டினேன்" என்று வாடிக்கையாளரும் "பதிவில் இல்லை" என்று எழுதுவினைஞரும் வாதிடும் நிலை இதனால் தவிர்க்கப்படுகின்றது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிறேஎஸ்கியூஎல் போன்ற திறந்த மூலத் தரவுத்தளங்களிலும் இவ்வசதி உண்டு. எனவே "பணம் போதாது, ஆகவே விரிதாள்" என்பது ஏற்கக்கூடிய காரணம் அல்ல.

பணிசெயல் முறைமை: பெயரைவிட ஆதரவுக் காலமே முக்கியம்

"விண்டோஸ் சிறந்ததா, லினக்ஸ் சிறந்ததா?" என்ற விவாதம் வகுப்பறைகளில் ஓயாது. "லினக்ஸுக்கு வைரசு வராது" என எழுதும் மாணவர் புள்ளியை இழப்பார். லினக்ஸைத் தாக்கும் தீங்குநிரல்களும் உள்ளன. உலகிலுள்ள சேவையகங்களில் பெரும்பகுதி லினக்ஸில் இயங்குவதால் தாக்குபவர்களின் கவனமும் அதன்மீது உண்டு. சரியாகக் கேட்க வேண்டிய வினா இது: இந்தப் பதிப்பில் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அதைத் திருத்தி அனுப்புவதற்கு யாரேனும் இருக்கின்றனரா, எவ்வளவு காலத்துக்கு இருப்பர்?

விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்ற்றின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அக்கணினிகள் அடுத்த நாளும் இயங்கின. அதுதான் இதிலுள்ள ஆபத்து. ஆதரவு முடிந்த முறைமை நின்றுபோவதில்லை, வழமைபோல இயங்கிக்கொண்டே பாதுகாப்பற்றதாகின்றது. உபுண்டு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றுக்கு 5 ஆண்டுகள் இலவசமாக இற்றைப்படுத்தல்கள் வழங்கப்படுகின்றன. எதைத் தெரிவுசெய்தாலும் ஆதரவு முடியும் திகதியை வாங்கும் நாளிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அத்துடன் நிறுவனத்தில் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் இருக்கின்றாரா என்பதும் முக்கியம். லினக்ஸ் தெரிந்த ஒருவரும் இல்லாத அலுவலகத்தில் லினக்ஸ் நிறுவினால், இற்றைப்படுத்தப்படாத லினக்ஸ்தான் எஞ்சும்.

இதற்கு நம் நாட்டிலேயே கசப்பான அனுபவம் ஒன்று உண்டு. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்க முகில் முறைமை கப்பம் கோரும் தீங்குநிரலின் தாக்குதலுக்கு உள்ளாகியது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட ஏறத்தாழ 5000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமை விரைவில் மீள இயக்கப்பட்டது. எனினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. அந்த நூறு நாட்களின் மின்னஞ்சல்களும் இழக்கப்பட்டன. அங்கு பயன்படுத்தப்பட்டது மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ் 2013 என்னும் மென்பொருள். அதற்கான ஆதரவை உற்பத்தியாளர் 2023 ஏப்பிரல் 11 ஆம் திகதி நிறுத்தியிருந்தார். ஆதரவு முடிந்து தாக்குதல் நிகழும்வரை நான்கரை மாதங்கள் சென்றிருந்தன. பழைய பதிப்பு, காப்புப் பிரதி இன்மை என்னும் இரண்டு குறைபாடுகள் ஒரே இடத்தில் சந்தித்தன. பதிப்பு புதியதாக இருந்திருப்பின் தாக்குதல் தவிர்க்கப்பட்டிருக்கக்கூடும். காப்புப் பிரதி இருந்திருப்பின் தாக்குதல் நடந்தும் கடிதங்கள் தப்பியிருக்கும்.

வன்பொருளும் மின்வழங்கலும்

இதனைச் சுருக்கமாகப் பார்ப்போம். வன்தட்டு என்றோ ஒருநாள் பழுதடையும் என்ற எண்ணத்துடனேயே தளத்தை அமைக்க வேண்டும். ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதுவது பிரதிபலித்தல் எனப்படும். ஒன்று பழுதடைந்தால் மற்றையது வேலையைத் தொடரும். தடையற்ற மின்வழங்கி, அதாவது யூ.பி.எஸ்., மின்தடையின்போது நாள் முழுவதும் வேலைசெய்வதற்கானது எனப் பலர் எண்ணுகின்றனர். அது சில நிமிடங்களைத் தருவது, திறந்துள்ள கோப்புகளைச் சேமித்து முறைமையை ஒழுங்காக நிறுத்துவதற்கே. 2022 மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானபோது எந்தச் சிறிய யூ.பி.எஸ். கருவியும் அதற்கு ஈடுகொடுத்திருக்காது. அவ்வாறான தேவைக்கு மின்பிறப்பாக்கி வேண்டும்.

காப்பெடுத்தல்

இப்பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். இப்பாடத்தில் மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், பெரிய நிறுவனங்களும் இங்கேதான் தவறியுள்ளன.

"இரண்டு வன்தட்டுகளில் பிரதிபலிக்கின்றோம், ஆகவே காப்புப் பிரதி தேவையில்லை" என்பது தவறான கூற்று. எழுதுவினைஞர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டு தட்டுகளிலும் அதே கணத்தில் அழியும். தீங்குநிரல் ஒன்று தரவை மறைகுறியாக்கினால் இரண்டு தட்டுகளும் மறைகுறியாகும். பிரதிபலித்தல் தட்டின் பழுதிலிருந்து மட்டும் காக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்பும் வழியை அது தராது.

டென்மார்க்கின் மெயர்ஸ்க் உலகின் மிகப் பெரிய கப்பற் கம்பனிகளுள் ஒன்று. 2017 ஜூன் 27 ஆம் திகதி நொட்பெற்யா என்னும் தீங்குநிரல் அதன் வலையமைப்பில் பரவியது. பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் அதன் சேவையகங்கள் பல நாடுகளில் இருந்தன. அவை ஒன்றையொன்று பார்த்துப் பிரதிசெய்துகொள்ளும். ஒன்று அழிந்தால் மற்றொன்றிலிருந்து பெறலாம் என்பது திட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் அழியக்கூடும் என்பது திட்டத்தில் இருக்கவில்லை. இறுதியில் கானா நாட்டிலிருந்த ஒரேயொரு சேவையகம் தப்பியது. காரணம், தாக்குதல் வேளையில் அங்கு மின்சாரம் தடைப்பட்டு அது வலையமைப்பிலிருந்து விலகியிருந்தது! அதிலிருந்த பிரதியைக் கொண்டே மீட்பு வேலை தொடங்கப்பட்டது. பத்து நாட்களில் 4000 சேவையகங்களும் 45 000 கணினிகளும் மீள நிறுவப்பட்டன. இழப்பு 250 முதல் 300 மில்லியன் அமெரிக்க டொலர் வரை என மதிப்பிடப்பட்டது. ஒரு மின்வெட்டு தற்செயலாகச் செய்த வேலையை நாம் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்: காப்புப் பிரதிகளில் ஒன்றேனும் கணினியிலிருந்தும் வலையமைப்பிலிருந்தும் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கழற்றி வைத்த பிரதியும் அதே கட்டடத்தில் இருந்தால் என்ன பயன்? 2025 செப்தெம்பர் 26 ஆம் திகதி தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலங்களிலிருந்து தீ பரவியது. அரச ஊழியர்கள் தமது வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த முறைமை ஒன்று அழிந்தது. அதிலிருந்த 858 டெராபைற்று தரவுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியிடத்தில் காப்பெடுக்கவில்லை எனக் காரணம் கூறப்பட்டது. தொழினுட்பத்தில் முன்னணியிலுள்ள நாடு அது. நமது கூட்டுறவுச் சங்கத்தின் முழு அடகுப் பதிவும் சில கிகாபைற்றைத் தாண்டாது. அதைச் சங்கத்தின் இன்னொரு கிளையில் வைப்பதற்குக் காரணம் சொல்லித் தப்ப முடியாது.

எனவே 3–2–1 விதியைப் பின்பற்றுவர். மூலத்துடன் சேர்த்து 3 பிரதிகள், 2 வகையான ஊடகங்கள், அவற்றுள் 1 வேறிடத்தில். விதியில் சொல்லப்படாத ஒன்றும் உண்டு. பிரதியிலிருந்து தரவை உண்மையில் மீட்க முடிகின்றதா என அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று வருடமாகக் காப்பெடுத்தும், தேவைப்பட்ட நாளில் தட்டு வெறுமையாக இருந்த கதைகள் பல உள்ளன.

யார் எதைத் தொடலாம்?

நல்ல தளம் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கு வழங்கவும், அவரவர் வேலைக்குத் தேவையான அளவு மாத்திரம் அனுமதி அளிக்கவும், செய்தவற்றைப் பதிவேட்டில் குறித்து வைக்கவும் இடமளிக்கும். அடகு பதிபவர் வட்டி வீதத்தை மாற்ற முடியாது. மாற்றும் முகாமையாளரின் பெயரும் நேரமும் பதிவாகும். ஆனால் ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, அதை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தால், பணம் குறைந்த நாளில் உண்மையாக உழைத்த நால்வர்மீதும் சந்தேகம் விழும். தனிக் கணக்கு ஊழியரைக் கண்காணிப்பதற்கு மட்டுமன்றி, அவரைப் பாதுகாப்பதற்கும் உரியது. வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றைக் காப்பது சட்டத்தோடும் தொடர்புடையது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே நிறைவேற்றப்பட்டது.

முகில் சேவையைப் பெற்றால் இவை யாவும் தீர்ந்துவிடும் எனச் சிலர் எண்ணுவர். வன்பொருள், மின்சாரம், குளிரூட்டல் ஆகிய பொறுப்புகளைச் சேவை வழங்குநர் ஏற்பார் என்பது உண்மை. கடவுச்சொல், அனுமதிகள், காப்புப் பிரதி பற்றிய தீர்மானம் என்பன பெரும்பாலும் வாடிக்கையாளரிடமே தங்கும். இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊரில், வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் வேளையில் முகிலை நம்பியிருத்தல் கடினம். அத்தகைய இடத்தில் தரவுத்தளத்தை அலுவலகத்திலும், அதன் காப்புப் பிரதியை முகிலிலும் வைப்பது நல்ல வழி.

மாதிரி வினா

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அடகுப் பிரிவில் நாள்தோறும் மாலை 5.00 மணிக்கு வெளிவாரி வன்தட்டு ஒன்றில் காப்பெடுக்கப்படுகின்றது. அத்தட்டு எந்நேரமும் கணினியுடன் இணைக்கப்பட்டே உள்ளது. புதன்கிழமை பிற்பகல் 3.00 மணிக்குக் கணினியின் வன்தட்டு பழுதடைந்தது.

(அ) எக்காலப்பகுதிக்குரிய தரவு இழக்கப்படும்?
(ஆ) வன்தட்டுப் பழுதுக்குப் பதிலாகக் கப்பம் கோரும் தீங்குநிரல் தாக்கியிருப்பின் விளைவு எவ்வாறு வேறுபடும்?
(இ) விண்டோஸ் 10 உடன் கூடிய பாவித்த கணினி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கலாம் எனத் தலைவர் கூறுகின்றார். உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

விடை

(அ) செவ்வாய் மாலை 5.00 மணிக்குப் பின் பதியப்பட்டவை இழக்கப்படும். அலுவலகம் மாலையில் மூடப்படுவதாயின், அது புதன்கிழமை காலையிலிருந்து 3.00 மணி வரையான பதிவுகளாகும். வழங்கப்பட்ட பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகளைக் கொண்டு அவற்றை மீளப் பதியலாம். ("22 மணித்தியாலத் தரவு" என எழுதினாலும் சரி. ஆனால் இரவில் எவரும் நகை அடகு வைப்பதில்லை என்பதைக் கவனித்து எழுதும் விடையே மேலானது.)

(ஆ) வெளிவாரித் தட்டு இணைக்கப்பட்டே இருப்பதால் அதிலுள்ள காப்புப் பிரதியும் மறைகுறியாக்கப்படக்கூடும். அப்போது ஒருநாள் தரவு மாத்திரமன்றி முழுத் தரவும் இழக்கப்படலாம். இரண்டு தட்டுகளை மாறி மாறிப் பயன்படுத்தி, ஒன்றைக் கழற்றி வேறிடத்தில் வைத்திருந்தால் இது தவிர்க்கப்பட்டிருக்கும்.

(இ) ஏற்க முடியாது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவடைந்துள்ளதால் புதிதாகக் கண்டறியப்படும் குறைகள் திருத்தப்படாமல் இருக்கும். கணினியின் வன்பொருள் நல்ல நிலையில் உள்ளதெனின், ஆதரவுக் காலம் எஞ்சியுள்ள லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவிப் பயன்படுத்தலாம். அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் இருத்தல் வேண்டும், அடகு மென்பொருளும் அதில் இயங்குவதாக இருத்தல் வேண்டும். தலைவரின் கூற்றை முற்றாக நிராகரித்து "புதிய கணினி வாங்குக" என மட்டும் எழுதிய விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது. காரணமும் எழுதப்பட வேண்டும்.